வீட்டு பிளானில் யார் கையெழுத்து? குமரி மாவட்டத்தில் வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

நம் மாவட்டத்தில் வீடு கட்டப் போகிறவர் சிமெண்ட் எந்த பிராண்டு, கம்பி எந்த பிராண்டு, எம்-சாண்ட் எந்தக் குவாரி என்று ஊர் முழுக்க விசாரிப்பார். பிளானில் கையெழுத்துப் போடப் போகிறவர் யார், அவர் எங்கே பதிவு செய்திருக்கிறார், தப்பு நடந்தால் அவரை யார் கேட்பார்கள் என்று விசாரிப்பவர்கள் குறைவு. வளைகுடாவில் பல வருடம் கிடந்து சேர்த்த பணம் மொத்தமாக இறங்குகிற வேலை இது. அதில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் "நம்ம ஆளு ஆபீசில உண்டு, பாத்துக்கிடலாம்" என்ற பதிலே போதும் என்று விட்டுவிடுகிறோம்.

கைக்கு எட்டுகிற வழிகள் அதிகமில்லை. அனுமதி வாங்கித் தருவதோடு கழன்றுகொள்கிற பிளான் போடுபவர். சதுர அடிக் கணக்கில் பிளான், அனுமதி, கட்டுமானம் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கிற கான்ட்ராக்டர். ஆர்க்கிடெக்ட். கட்டுகிறவரோடு தொடர்பில்லாமல் நீங்கள் தனியாக அமர்த்துகிற சிவில் எஞ்சினியர். இவை போக, 2024-இல் வந்த சுயசான்று முறை. விலையை மட்டும் பார்த்தால் முதல் இரண்டும்தான் ஜெயிக்கும். நான் வேறொன்றை வைத்து ஒப்பிடுகிறேன்: இந்த ஆள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்?

பதிவு என்பது எதற்கு

தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பவை 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். முன்பு சென்னைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று கிடந்ததை ஒன்றாக்கியவை. ஆர்க்கிடெக்ட், எஞ்சினியர், கம்பிக் கணக்கும் அஸ்திவாரமும் பார்க்கிற ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர், மண் பார்க்கிற ஜியோடெக்னிக்கல் எஞ்சினியர், தரத் தணிக்கையாளர் என்று ஆட்களைப் பிரித்து, படிப்பையும் அனுபவத்தையும் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. 2014 ஜூனில் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கட்டடத்தில் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று பெயர் எழுதி வைக்க வேண்டிய அவசியம் அப்படிப்பட்ட இடங்களில்தான் தெரியும்.

இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு வித்தியாசம் உண்டு. ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் ஆர்க்கிடெக்சர் கவுன்சில், அதில் பதிவு, 1989-இல் வகுத்த தொழில் ஒழுக்க விதிகள் எல்லாம் உண்டு. ஒருவர் ஒழுங்கீனமாக நடந்தால் அந்தக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். சிவில் எஞ்சினியர்களுக்கு இந்தியா முழுமைக்கும் இப்படிச் சட்டத்தால் அமைந்த மன்றம் இல்லை. டாக்டருக்கு உண்டு, வக்கீலுக்கு உண்டு, ஆடிட்டருக்கு உண்டு, எஞ்சினியருக்கு மட்டும் இல்லை. திட்ட அதிகாரியிடமோ உள்ளாட்சியிலோ செய்கிற பதிவுதான் அவரைக் கட்டி வைத்திருக்கிற ஒரே கயிறு. அந்தப் பதிவும் இல்லாத எஞ்சினியர் பட்டதாரியாக இருக்கலாம், திறமைசாலியாகவும் இருக்கலாம், ஆனால் அவரைத் தொழில் ரீதியாகத் தட்டிக் கேட்க ஓர் இடம் கிடையாது.

2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது. பதிவில்லாதவர் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது, ஆனால் வீடு வடிவமைக்கிற வேலையையே அவர் செய்யக் கூடாது என்று சட்டம் தடுக்கவில்லை. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் "டிசைனர்", "பில்டிங் கன்சல்டன்ட்", "பிளானர்" என்றெல்லாம் போர்டு தொங்குவதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. பதிவு எண்ணைக் கேட்க வேண்டியது நம் வேலை.

அனுமதி மட்டும் வாங்கித் தருபவர்

செலவு குறைவு, வேகம் அதிகம். எந்த வரைபடம் எந்த அலுவலகத்தில் எதற்காகத் திரும்பி வரும் என்று இவருக்கு மனப்பாடமாகத் தெரியும். சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும், ரோட்டு அகலம் போதுமா, மனை அங்கீகாரம் பெற்றதா, இல்லையென்றால் 2017 வரன்முறைத் திட்டத்துக்குள் வருமா (2016 அக்டோபர் 20-க்கு முன்பு பத்திரம் பதிவான மனைகளுக்கான திட்டம் அது) என்பதெல்லாம் கேட்ட உடனே சொல்வார். இந்த அறிவைக் குறைத்து மதிக்கக் கூடாது, பெரிய ஆர்க்கிடெக்டுகளே இதற்கு இவர்களைத்தான் தேடி வருகிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், அனுமதிக்கான வரைபடமும் கட்டுவதற்கான வரைபடமும் ஒன்றல்ல. முதலாவதில் அறை அளவு, சுற்று இடைவெளி, உயரம் இருக்கும். தூணுக்கு எத்தனை கம்பி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், பீம் எங்கே என்பதெல்லாம் இராது, இருந்தாலும் பேருக்குத்தான் இருக்கும். அதைக் கொத்தனார் அனுபவத்தில் முடிவு செய்வார். பலர் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் அஸ்திவாரக் குழியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். சில இடங்களில் பிளான் வரைந்தவர் ஒருவர், கையெழுத்து வேறொருவருடையது. கையெழுத்துப் போட்ட எஞ்சினியரின் முகத்தையே வீட்டுக்காரர் பார்த்திராத கதைகள் இங்கே சாதாரணம்.

சதுர அடிக் கான்ட்ராக்ட்

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஒரே ஆள், ஒரே போன் எண், வாட்ஸ்அப்பில் வாரா வாரம் போட்டோ. நல்ல கான்ட்ராக்டர்கள் சொந்த எஞ்சினியர் வைத்திருக்கிறார்கள், அவர் பதிவு பெற்றவராகவும் இருப்பார். அவர் மாதச் சம்பளம் வாங்குவது யாரிடம் என்பதுதான் கேள்வி. 12 எம்எம் கம்பி போட வேண்டிய இடத்தில் 10 எம்எம் போட்டிருப்பதைப் பார்த்தால் அவர் யாரிடம் சொல்வார்? தன் முதலாளியிடம் சொல்வார். அதோடு அது முடிந்துவிடும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஐந்து வருட கட்டுமானப் பொறுப்பு இருக்கிறதே என்பார்கள். 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பிளாட் கட்டி விற்கிற புரமோட்டருக்கானது. உங்கள் சொந்த மனையில் நீங்கள் கான்ட்ராக்ட் விட்டுக் கட்டுகிற வீட்டுக்கு அது வராது. அந்த ஐந்து வருடம் வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் நீங்களே எழுதி வாங்க வேண்டும்.

வங்கியிலிருந்து எஞ்சினியர் வந்து பார்க்கிறாரே என்பதும் இதே மாதிரிதான். அவர் பார்ப்பது கொடுத்த கடனுக்கு ஈடாக வேலை நடந்திருக்கிறதா என்று. லிண்டல் மட்டம் வந்துவிட்டதா, ஆம், அடுத்த தவணையை விடலாம். லிண்டலுக்குள் கம்பி எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பது அவர் வேலையில்லை.

ஆர்க்கிடெக்ட்

கட்டணம் அதிகம் என்ற பயத்தில் பலர் விசாரிப்பதே இல்லை. வெளிச்சம், காற்று, மழைச்சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், மாடிப்படியை எங்கே வைத்தால் இடம் மிச்சமாகும் என்பதில் நல்ல ஆர்க்கிடெக்ட் மிச்சப்படுத்தித் தருகிற சதுர அடியே அவர் கட்டணத்துக்கு ஈடாகிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. மதுரைக்குப் போட்ட தட்டையான முகப்பை இங்கே கொண்டுவந்து வைத்தால் மூன்றாவது வருடம் சுவர் பாசி பிடித்து நிற்கும்.

ஆனால் ஆர்க்கிடெக்ட் கம்பிக் கணக்குப் போடுகிறவர் அல்ல. அதற்கு அவர் ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் போவார். அந்த எஞ்சினியர் யார், அவர் கையெழுத்திட்ட தனி வரைபடம் கிடைக்குமா, எத்தனை முறை தளத்துக்கு வருவார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தளத்துக்கு வருவது கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்பதில்தான் பின்னால் மனக்கசப்பு வரும்.

எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஆள் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரத்து டிசைனர்களைக் கொண்டு சாய்கூரை வீடு போடுகிற வழக்கம் உண்டு. ஆர்க்கிடெக்ட் கவுன்சில் பதிவு நாடு முழுக்கச் செல்லும். கேரளத்தில் எஞ்சினியர், சூப்பர்வைசர் என்று கொடுக்கிற உரிமங்கள் கேரளத்தின் 2019 கட்டட விதிகளுக்கு உட்பட்டவை, அவை களியக்காவிளையைத் தாண்டி வராது. அவர் வரைந்த வீட்டுக்கு இங்கே பதிவு பெற்ற வேறொருவர் கையெழுத்து வேண்டும். அப்புறம் கதை முதல் வகைக்கே திரும்பிவிடும்: வரைந்தவர் ஒருவர், கையெழுத்து வேறொருவருடையது.

சுயசான்று

2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுகிற வீட்டுக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் உரிமையாளரே உறுதி கூறி உடனடியாக அனுமதி பெறலாம். அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், அனுமதிக்கு முன் யாரும் வந்து பார்க்க வேண்டாம், நிறைவுச் சான்றிதழும் வேண்டாம்.

நல்ல திட்டம்தான், தாமதத்தையும் அதோடு சேர்ந்து வருகிற மற்றவற்றையும் குறைக்கும். ஆனால் நம் மாவட்டக் கணக்கில் 2,500 சதுர அடி என்பது ஐந்தே முக்கால் சென்ட்தான். நாகர்கோவில் மாநகராட்சிக்குள்ளும் கடற்கரை ஊர்களிலும் இது பொருந்தும். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் தோப்புக்கு நடுவே எட்டு சென்ட், பத்து சென்டில் வீடு வைக்கிறவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது.

இன்னொன்று: இந்த முறையில் அரசாங்கம் உங்கள் வார்த்தையை நம்புகிறது, அவ்வளவுதான். வீட்டின் உறுதியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. விதிமீறல் இருந்தால் மாட்டப் போவதும் உறுதிமொழி கொடுத்த நீங்கள்தான்.

தனியாக ஒரு கண்

கடைசி வழி, கட்டுகிறவரோடு தொடர்பில்லாத பதிவு பெற்ற எஞ்சினியரை நீங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது. நம் ஊரில் இது இன்னும் பணக்காரர் வேலையாகப் பார்க்கப்படுகிறது. வேறு நாடுகளில் இதுவே சட்டம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைப் பார்க்கலாம். மாநிலம் என்று பெயர், மக்கள்தொகை ஆறு லட்சத்துக்குள். 2011 கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டமே 18 லட்சத்து 70 ஆயிரம் பேர்.

அங்கே 2016-ஆம் ஆண்டின் கட்டடச் சட்டப்படி, மிகச் சிறிய வேலைகள் போக மற்றவற்றுக்கு பில்டிங் சர்வேயர் என்ற ஒருவரை வீட்டுக்காரர் அமர்த்த வேண்டும். வரைபடம் விதிகளுக்கு ஒத்துவருகிறது என்று அவர் சான்று கொடுத்த பிறகே வேலை தொடங்கலாம். அஸ்திவாரத்தை மூடுவதற்கு முன், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், சுவரை மறைப்பதற்கு முன், முடிந்த பிறகு என்று குறித்த கட்டங்களில் அவருக்குத் தகவல் போக வேண்டும். அவர் வரைந்தவராகவோ கட்டுகிறவராகவோ இருக்கக் கூடாது. அரசிடம் உரிமம் பெற வேண்டும், தொடர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும், தன் தவறால் வருகிற இழப்பை ஈடுகட்டக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும். காப்பீடு என்பதுதான் எனக்குப் பொறாமையாக இருக்கிற இடம். இங்கே எஞ்சினியர் தப்புச் செய்தால் அவரிடம் வாங்குவதற்கு என்ன இருக்கிறது?

அங்கே எல்லாம் சுத்தம் என்று சொல்லவில்லை. முன்பு இருந்த சட்டத்தின் கீழ் கட்டடத் தொழில் செய்கிறவர்களை அங்கீகரிக்கும் வேலை டாஸ்மேனியன் கம்ப்ளையன்ஸ் கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தது. அதன் உரிமையாளர்களில் முன்னாள் அமைச்சர்களும் இருந்தார்கள். அதனுடன் செய்த ஓர் ஒப்பந்தம் 2006-இல் வெளியே தெரிந்து, அந்த மாநிலத்தின் துணை முதல்வர் பதவி விலகினார், அவர் மேல் வழக்கும் நடந்தது. இரண்டு முறை விசாரித்தும் ஜூரியால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, தண்டனை எதுவும் இல்லை. இப்போது உரிமம் வழங்குவது அரசுத் துறை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருக்கிற சின்ன ஊரில், சோதிக்கிறவரைச் சோதிப்பது யார் என்ற கேள்வி எளிதில் தீராது. தக்கலையில் மட்டும் அது தீர்ந்துவிடுமா என்ன.

நம் சட்டம் அந்தத் தனி ஆளைச் சிறு வீட்டுக்குக் கேட்கவில்லை. நிறைவுச் சான்றிதழிலிருந்தும் சிறு வீடுகளுக்கு விலக்கு உண்டு. கட்டி முடித்த வீட்டை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். ஆகவே அந்தக் கண்ணை நாமே விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் வைக்க வேண்டியதில்லை. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி முடிந்ததும் ஒருமுறை, தூண் கம்பி நட்டதும் ஒருமுறை, தளம் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் ஒருமுறை, முட்டுப் பிரிப்பதற்கு முன் ஒருமுறை. ஒவ்வொரு வருகைக்கும் இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். பார்த்ததை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்பதே நிபந்தனை. கான்ட்ராக்டர் முகம் சுளிப்பார். சுளிக்காதவரை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும்.

எந்த மண்ணில் எதை எடுப்பது

நாஞ்சில் நாட்டில் அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் வயலை நிரப்பிய மனைகள் நிறைய. நிரப்பிய மண்ணின் மேல் அஸ்திவாரம் வைத்தால் அது இறங்கும். சம அளவில் இறங்கினால் பரவாயில்லை, ஒரு மூலை மட்டும் இறங்கும்போதுதான் சுவர் சாய்வாக வெடிக்கும். இங்கே பிளான் போடுபவரும் கொத்தனாரும் மட்டும் போதாது. மண் பரிசோதனை செய்து, அதைப் பார்த்து அஸ்திவாரம் வடிவமைக்கிற ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் வேண்டாம். நஞ்சை நிலமாக இருந்தால் நிலப்பயன் மாற்ற அனுமதி இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள், எந்த எஞ்சினியராலும் அதைப் பின்னால் சரிசெய்ய முடியாது.

மேற்கே ரப்பர் தோட்டச் சரிவுகளில் மண்ணை வெட்டிச் சமன் செய்து வீடு வைப்பார்கள். வீட்டை விடப் பின்னால் நிற்கிற கருங்கல் தடுப்புச் சுவர்தான் அங்கே ஆபத்து. அதன் பின்னால் மழைத் தண்ணீர் வடிய வழி விட்டிருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். மலையிட ஊர்களில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் தடையின்மைச் சான்றும் தேவைப்படலாம். அங்கே அலுவலக நடைமுறை தெரிந்த உள்ளூர்க்காரருக்கு மதிப்பு கூடுகிறது.

கடற்கரை வேறு விஷயம். முட்டம், குளச்சல், மணக்குடி ஊர்களில் பத்துப் பதினைந்து வருடத்தில் கம்பி துருப்பிடித்துத் தளம் உதிர்கிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 456 இதற்குத் தனியாக விதி சொல்கிறது. சாதாரண இடத்தில் குறைந்தது எம்20 கான்கிரீட் (எம் என்பது வலுவின் தரம், எண் கூடினால் வலுவும் கூடும்), கம்பிக்கு மேல் 20 எம்எம் கான்கிரீட் மூடல். கடற்கரைச் சூழலில் வெளியே படுகிற கான்கிரீட்டுக்கு எம்30, மூடல் 45 எம்எம். மூடல் மட்டுமே இரண்டு மடங்குக்கும் மேல். இந்த இடைவெளி கிடைக்கக் கம்பிக்கு அடியில் வைக்கிற சிறு கட்டைதான் கவர் பிளாக். ஆளைத் தேர்ந்தெடுக்க இதுவே நல்ல சோதனை: "கடலுக்குப் பக்கத்து வீடு, கவர் பிளாக் எத்தனை எம்எம் வைப்பீங்க?" என்று கேளுங்கள். "எப்பவும் போடுறதுதான்" என்கிறவரை விட்டுவிடுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மனை வருகிறதா என்றும் அவரே கேட்டால், அவரை விடாதீர்கள்.

என் தேர்வு

ஐந்தே முக்கால் சென்டுக்குள், உறுதியான செம்மண்ணில், இரண்டு தளம்: சுயசான்றில் அனுமதி, நல்ல கான்ட்ராக்டர், மேலே சொன்ன நான்கு கட்டங்களுக்குத் தனி எஞ்சினியர். இதற்கு ஆர்க்கிடெக்ட் கட்டாயமில்லை. கோணலான மனை, சரிவு, மரங்களை வெட்டாமல் வீடு வைக்க ஆசை என்றால் ஆர்க்கிடெக்ட், கூடவே அவர் கொண்டுவருகிற ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரின் கையெழுத்து. நிரப்பிய வயலும் கடற்கரையும் என்றால் முதல் செலவு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியருக்கு, மற்றவர்கள் பிறகு. நீங்கள் ஊரில் இல்லாதவர் என்றால் சதுர அடிக் கான்ட்ராக்டை மட்டும் நம்பி விட வேண்டாம். உங்கள் மச்சான் தினமும் தளத்துக்குப் போவார் என்பது பாதுகாப்பல்ல. மச்சானுக்குக் கவர் பிளாக் தெரியாது, தெரிந்தாலும் கான்ட்ராக்டரோடு டீ குடித்துவிட்டு எதிர்த்துப் பேச மாட்டார்.

யாரை எடுத்தாலும் பதிவு எண், என்னென்ன வரைபடம் தருவார், எந்தெந்தக் கட்டத்தில் வருவார், கட்டணம் எவ்வளவு என்று ஒரே ஒரு தாளிலாவது எழுதிக்கொள்ளுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். பின்னால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் (நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே வழக்குத் தொடுக்கலாம், பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள்) முதலில் கேட்கப்படுவது பணம் கொடுத்ததற்கான சான்றுதான். கையில் ரொக்கமாகக் கொடுத்து, துண்டுச் சீட்டு கூட இல்லாமல் நிற்கிறவரின் வழக்கு அங்கேயே பாதி தோற்றுவிடும். தளம் போட்டதும் தண்ணீர் விடுகிற பொறுப்பு யாருடையது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். சாதா சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள், பிபிசி போன்ற கலப்புச் சிமெண்டுக்குப் பத்து நாள் என்பது அதே ஐஎஸ் 456-இன் கணக்கு. கான்ட்ராக்டர் வீட்டுக்காரர் மேலும் வீட்டுக்காரர் கான்ட்ராக்டர் மேலும் பழி போடுவது பெரும்பாலும் இதில்தான்.